ஏரியல், டிகோடர், உடையும் படம்: பினாங்கில் இலவச டிஜிட்டல் டிவி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டர்வொர்த், பிறை, ஜோர்ஜ் டவுன் பக்கம் ஏரியல் கட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பேசி அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லாருக்கும் உதவும். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை, அதனால் முதலிலிருந்து படித்தால் நல்லது.

அண்ணே, இது உண்மையிலேயே ஃப்ரீயா? பின்னால பில்லு கில்லு வருமா?

வராது. மைஃப்ரீவியூ என்பது காற்றில் வரும் ஒளிபரப்பு. மாதக் கட்டணம் கிடையாது, கார்டு கிடையாது, இணையமும் தேவையில்லை. மைடிவி நிறுவனம் நடத்துகிறது. 2019 ஜூலையில் லங்காவியில் தொடங்கி அக்டோபர் 31-க்குள் நாடு முழுக்கப் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பிறகு ஏரியலில் வருவது டிஜிட்டல் மட்டும்தான். டிவி1, டிவி2, டிவி3 எல்லாம் அதில் வரும். வானொலிப் பட்டியலில் நம் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம்மும் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதை எப்படிப் போடுவது என்று ஒருமுறை காட்டிக் கொடுங்கள், பலருக்கு அது அந்தப் பெட்டியில் இருப்பதே தெரியாது.

என் டிவிக்கு தனியா பாக்ஸ் வாங்கணுமா, வேண்டாமா?

டிவியின் பின்பக்க ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ டிவிபி-டி2 (DVB-T2, நம் டிஜிட்டல் ஒளிபரப்பின் தரம்) என்று போட்டிருந்தால் வேண்டாம். ஏரியல் வயரை நேராகச் செருகி, நாடு என்று கேட்கும் இடத்தில் மலேசியா என்று வைத்து ஸ்கேன் செய்தால் போதும். வெறும் டிவிபி-டி என்று மட்டும் இருந்தால் அது முந்தைய தலைமுறைத் தரம், நம் ஒளிபரப்பை எடுக்காது, பாக்ஸ், அதாவது டிகோடர், வாங்கத்தான் வேண்டும். அந்தக் கடைசி 2 முக்கியம், வாங்கும்போது கடையில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கூரை மேல பழைய ஏரியல் இருக்கு. கடைக்காரர் டிஜிட்டல் ஏரியல் வாங்கச் சொல்றாரு, வாங்கணுமா?

டிஜிட்டல் ஏரியல் என்று தனியாக ஒன்று இல்லை. ஏரியல் என்பது அலையைப் பிடிக்கும் உலோகக் கம்பி, அந்த அலையில் வருவது அனலாக்கா டிஜிட்டலா என்று அதற்குத் தெரியாது. பார்க்க வேண்டியது கம்பியின் நீளம். இப்போது டிவி வருவது யுஎச்எஃப் அலைவரிசையில், 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை. 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர், அதில் பாதி 25. ஆக உங்கள் ஏரியலில் ஒரு சாண், ஒன்றேகால் சாண் நீளக் குறுக்குக் கம்பிகள் வரிசையாக இருந்தால் அது யுஎச்எஃப் ஏரியல், கழற்ற வேண்டாம். முக்கால் மீட்டர், அதற்கும் மேல் நீளமான கம்பிகள் மட்டும் இருந்தால் அது பழைய விஎச்எஃப் ஏரியல், இறக்கிவிடலாம்.

கம்பி சரியாக இருந்தாலும் வயர் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இருபது வருடம் வெயிலும் மழையும் தின்ற வயரை மாற்றாமல் புது ஏரியல் வாங்குவது வீண் செலவு. வயரின் நுனியை வெட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பின்னல் பளபளப்பாக இருக்க வேண்டும். கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட வயரை ஒரு அடி வெட்டிவிட்டு மறுபடி இணைத்துப் பயனில்லை, தண்ணீர் பின்னல் வழியே வெகுதூரம் போயிருக்கும். முழுசாகப் புது ஏரியல் வயர், ஆர்ஜி-6 (RG-6) என்ற வகை, போடுங்கள்.

எந்தப் பக்கம் பார்த்துத் திருப்பணும்? பக்கத்து வீட்டுக்காரரு பார்க்குற பக்கமே திருப்பிடவா?

பக்கத்து வீட்டில் இன்றைக்கு நன்றாகப் படம் வருகிறது என்றால் திருப்பலாம். ஆனால் நிறைய கூரைகளில் யாருமே பயன்படுத்தாத ஏரியல் காற்றில் சுழன்று எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறது, அதைப் பார்த்துத் திருப்பினால் வம்பு.

பெருநிலத்துக்கும் தீவின் கிழக்கு, வடக்குக் கரைக்கும் குனுங் ஜெராய்தான் முதலில் பார்க்க வேண்டிய திசை. கெடாவில் யான் பக்கம் 1,200 மீட்டருக்கு மேல் தனியாக நிற்கும் மலை, ஒளிபரப்புக் கோபுரம் அதன் மேல்தான் இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து அது கிட்டத்தட்ட நேர் வடக்கு, கொஞ்சம் கிழக்கே சாய்வு. ஜோர்ஜ் டவுனிலிருந்து வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 15 டிகிரி, தூரம் 40 கிலோமீட்டர் சொச்சம், முதல் பகுதி கடல் மேல். வானம் தெளிந்த காலையில் கண்ணாலேயே பார்க்கலாம், அதைவிட நல்ல திசைகாட்டி இல்லை. கைப்பேசித் திசைகாட்டியை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், தப்பாகக் காட்டும். தீவின் மேற்கே, பாலிக் புலாவ் பக்கம், கதை வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் முகவரிக்கு என்ன சொல்கிறார்கள் என்று மைடிவியின், சிக்னல் எட்டும் இடங்களைக் காட்டும் வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள்.

திருப்பும்போது ஒருவர் மேலே, ஒருவர் கீழே பாக்ஸைப் பார்த்து எண் சொல்ல வேண்டும். கொஞ்சம் திருப்பி, ஐந்து நொடி பொறுத்து, அப்புறம் கொஞ்சம். பாக்ஸ் எண்ணைப் புதுப்பிக்க நேரம் எடுக்கும், அதற்குள் திருப்பிக்கொண்டே போனால் நல்ல இடத்தைத் தாண்டிவிடுவோம். குறுக்குக் கம்பிகள் படுத்தபடியும், பிறகு செங்குத்தாகவும், இரண்டு விதமும் வைத்துப் பார்த்து எது அதிகமோ அதில் முடுக்குங்கள்.

முன்னெல்லாம் புள்ளி புள்ளியா இருந்தாலும் படம் தெரிஞ்சுச்சு. இப்போ வந்தா கண்ணாடி மாதிரி வருது, இல்லாட்டி ஒண்ணுமே இல்ல. ஏன் இப்படி?

அனலாக்கில் அலையே படம். அலையோடு இரைச்சல் கலந்தால் படத்தோடு புள்ளி கலந்தது, அவ்வளவுதான். டிஜிட்டலில் வருவது எண்கள். எண்களோடு பிழைதிருத்தத்துக்கான கூடுதல் எண்களும் சேர்ந்து வருகின்றன. ஓரளவு கெட்டுப் போனாலும் பாக்ஸ் உள்ளே கணக்குப் போட்டு முழுசாகச் சரிசெய்துவிடும், நமக்கு எதுவும் தெரியாது. ஒரு வரம்புக்கு மேல் கெட்டால் கணக்கு தோற்றுப்போகும், படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். வரம்புக்கு மேலே ஒரு டெசிபல் (சிக்னலை அளக்கும் அலகு) இருந்தால் அருமையான படம், கீழே ஒரு டெசிபல் போனால் கறுப்புத் திரை.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. படம் நன்றாக வருகிறது என்பதாலேயே ஏரியல் நன்றாக இருக்கிறது என்று நினைக்க முடியாது. வரம்புக்கு மிக அருகில் நின்றுகொண்டிருக்கலாம். ஒரு காற்று, ஒரு ஈரக்கிளை, ஒரு லாரி போதும். அதனால்தான் படம் வந்ததும் ஏணியை இறக்காமல், எண் எவ்வளவு என்று பார்த்து இன்னும் ஏற்ற முடியுமா என்று பார்க்கச் சொல்கிறேன்.

சிக்னல் 90 காட்டுது தம்பி, ஆனா படம் உடையுது. பாக்ஸ் பொய் சொல்லுதா?

பொய் சொல்லவில்லை. பாக்ஸில் இரண்டு பட்டைகள் இருக்கும், பெரும்பாலும் வலிமை என்று ஒன்று, தரம் என்று ஒன்று. வலிமை என்பது அந்த அலைவரிசையில் மொத்தம் எவ்வளவு சக்தி வந்து சேர்கிறது என்பது. அதில் நல்ல சிக்னலும் அடக்கம், இரைச்சலும் அடக்கம், பக்கத்துக் கைப்பேசிக் கோபுரத்தின் கசிவும் அடக்கம். தரம் என்பது வந்து சேர்ந்ததில் எண்களை எவ்வளவு சுத்தமாகப் பிரித்தெடுக்க முடிகிறது என்பது. படத்தைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான்.

அடர்த்தியாக எண்களை அடுக்கி அனுப்பும் டிவிபி-டி2 அமைப்புகளில் சிக்னல் இரைச்சலைவிட 17, 20 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். அந்த இடைவெளி குறைந்தால் வலிமை நூறு காட்டினாலும் படம் வராது. இன்னொன்று, இந்தப் பட்டைகளில் வரும் எண் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்குப் போட்டது. உங்கள் பாக்ஸின் 70-ஐ மாமா வீட்டுப் பாக்ஸின் 70-ஓடு ஒப்பிடாதீர்கள். ஒரே பாக்ஸில் நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று பார்க்க மட்டும் அது பயன்படும்.

அப்போ ஒரு பூஸ்டர் போட்டா சரியாயிடுமா?

இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் தேவையில்லாத பூஸ்டர்தான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், நின்று ஒருவர் மெல்லப் பேசுகிறார், கேட்கவில்லை என்று தூரத்தில் ஒரு மைக் வைத்து ஸ்பீக்கரில் விட்டால் அவர் குரலோடு சந்தை இரைச்சலும் சேர்ந்துதான் பெரிதாகும், பேச்சு புரியாது. பூஸ்டர் செய்வதும் அதுதான். போதாததற்குத் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். ஏரியலுக்கு வரும்போதே கெட்டுப்போன சிக்னலைச் சீராக்கும் கருவி எந்தக் கடையிலும் இல்லை.

அப்படியென்றால் பூஸ்டரே வேண்டாமா? அப்படியும் சொல்லவில்லை. ஏரியலில் நல்ல சிக்னல் பிடித்து, அது வயரில் கரைந்து பாக்ஸுக்கு வரும்போது மெலிந்துவிடுகிறது என்றால் பூஸ்டர் உதவும். அப்போதும் அதை ஏரியலுக்குப் பக்கத்தில், கம்பத்திலேயே வைக்க வேண்டும். ஆர்ஜி-6 வயரில் 20 மீட்டருக்கு 4 டெசிபல் அளவுக்குப் போகும், அது கரைவதற்கு முன்னாலேயே பெரிதாக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் வைக்கும் பூஸ்டர் கரைந்து முடிந்ததை வாங்கிப் பெரிதாக்குகிறது, ஒன்றும் மீளாது.

சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் பூஸ்டர் போட்டால் நிலைமை இன்னும் மோசம். பாக்ஸின் டியூனருக்கு ஒரு தாங்கும் அளவு உண்டு. அதை மீறினால் உள்ளே அலைகள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத இடத்திலெல்லாம் புது இரைச்சல் பிறக்கும். வலிமை 100, தரம் 20 என்று காட்டினால் முதல் காரியம் பூஸ்டரைக் கழற்றி வயரை நேராகச் செருகிப் பார்ப்பது. பட்டர்வொர்த்தில் ஜெராய் நேராகத் தெரியும் பல வீடுகளில் அதோடு வேலை முடிந்துவிடுகிறது.

ஒரு ஏரியல்ல மூணு டிவி போடலாமா?

போடலாம், பங்கு போவது தெரிந்து போடுங்கள். இரண்டாகப் பிரித்தால் 4 டெசிபல் அளவு இழப்பு, நான்காகப் பிரித்தால் 8 வரை. நான்கு வழிப் பிரிப்பானும் 20 மீட்டர் வயரும் சேர்ந்தால் 12 டெசிபல், அதாவது ஏரியல் பிடித்ததில் பதினாறில் ஒரு பங்குதான் டிவிக்கு வரும். மேலே சொன்ன கம்பத்துப் பூஸ்டருக்குச் சரியான இடம் இதுதான். மூன்று டிவிக்கு வயரை முறுக்கிச் சுற்றி ஒட்டுநாடா போடுவதை மட்டும் செய்யாதீர்கள், பிரிப்பான் விலை சில வெள்ளிதான் (ரிங்கிட்).

நாங்க ஃப்ளாட்ல 14-வது மாடி. வெளியே ஏரியல் வைக்க மேனேஜ்மெண்ட் விடமாட்டாங்க. வீட்டுக்குள்ளேயே வைக்கிற ஏரியல் வேலை செய்யுமா?

எந்தப் பக்கம் பார்த்த வீடு என்பதைப் பொறுத்தது. வடக்கையோ வடகிழக்கையோ பார்த்த ஜன்னல் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும், உயரம் உங்களுக்கு உதவிதான். எதிர்ப்பக்கம் பார்த்த வீடு என்றால் உங்களுக்கும் மலைக்கும் நடுவில் முழுக் கட்டடத்தின் கான்கிரீட்டும் நிற்கிறது. அப்போது எதிரே நிற்கும் வேறு கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலைதான் கதி, சில நேரம் அதுவே போதும், ஏரியலை வெளியே நோக்கித் திருப்பிப் பாருங்கள்.

நம் வீடுகளில் ஜன்னலுக்கு ஜன்னல் இரும்புக் கிரில், அதற்கு மேல் வெயிலுக்குக் கறுப்பு ஃபிலிம். சில ஃபிலிம்களில் உலோகப் பூச்சு இருக்கிறது, அது அலையை நன்றாகவே மறைக்கும். ஏரியலைக் கிரில்லில் கட்டாதீர்கள், கிரில்லுக்குப் பின்னால் ஒட்டியும் வைக்காதீர்கள். ஒரு முழம் தள்ளி வைத்து, பக்கவாட்டில் அரை அடி அரை அடியாக நகர்த்தித் தரத்தைப் பாருங்கள். வீட்டுக்குள் அலை ஒரே சீராக இருக்காது, ஒரு கை அகலத்தில் 30-லிருந்து 80-க்குத் தாவும். டிவி, வைஃபை பெட்டி, எல்இடி விளக்கின் மின்பெட்டி ஆகியவற்றிலிருந்து தூரமாக வைப்பதும் முக்கியம். உள்ளே பூஸ்டர் வைத்த குட்டி ஏரியல் என்றால் அதற்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும், பாக்ஸ் மெனுவில் ஏரியல் மின்சாரம் என்ற இடத்தில் திறந்துவிட வேண்டும். அது மூடியிருந்தால் ஏரியலே இல்லாததுபோல் இருக்கும்.

மழை பெஞ்சா ஆஸ்ட்ரோ போயிடுது. இதுவும் போகுமா?

மழையால் போகாது. ஆஸ்ட்ரோ துணைக்கோளிலிருந்து பத்து ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் வருகிறது, அந்த அலைநீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், மழைத்துளி அதைத் தின்றுவிடும். நம்முடையது அரை மீட்டர் அலை, மழையைக் கண்டுகொள்ளாது. உங்கள் வீட்டில் மழைக்குப் படம் போகிறது என்றால் தண்ணீர் இணைப்பில் இறங்குகிறது, அல்லது ஏரியலுக்கு முன்னால் மரம் நனைந்து நிற்கிறது. மழை நின்ற பிறகும் பல மணி நேரம் படம் வராவிட்டால் இணைப்புதான், சந்தேகமே வேண்டாம். வயரை ஏரியலுக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டுப் பிறகு மேலே கொண்டுபோனால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடி மின்னல் தொடங்குவதற்கு முன்பே வயரைக் கழற்றி வையுங்கள். கம்பத்துக்குத் தரையிணைப்பு இல்லாத வீடு என்றால் கட்டாயம்.

சில சேனல் மட்டும் வரல. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. ஸ்கேன் பண்ணியும் வரல.

சேனல்கள் ஒவ்வொன்றாக வருவதில்லை, பல சேனல்களை ஒரு கட்டாகக் கட்டி ஒரே அலைவரிசையில் அனுப்புகிறார்கள். ஒரு கட்டு போனால் அதிலுள்ள எல்லாம் சேர்ந்து போகும். ஒவ்வொரு கட்டும் வேறு வேறு மெகாஹெர்ட்ஸில் இருப்பதால் ஒன்று நன்றாகவும் மற்றொன்று மோசமாகவும் வருவது சகஜம். ஏரியலைத் திருப்பும்போது மோசமான கட்டில் உள்ள சேனலை வைத்துக்கொண்டு திருப்புங்கள். நல்ல கட்டைப் பார்த்துத் திருப்பினால் மற்றது இன்னும் கெடலாம்.

ஸ்கேனிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு இடத்திலிருந்து சிக்னல் எட்டும் வீடுகளில் தானியங்கி ஸ்கேன் முதலில் கண்டதை வைத்துக்கொள்ளும், அது மெலிந்ததாகவும் இருக்கலாம். பழைய பட்டியலை முழுசாக அழித்துவிட்டு, கையால் ஸ்கேன் செய்யும் மெனுவில் ஒவ்வோர் அலைவரிசையாகப் போய்த் தரத்தைப் பார்த்து, நல்லதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துல புதுசா 5ஜி கோபுரம் வந்ததுல இருந்து டிவி போச்சு. அதுதானே காரணம்?

இருக்கலாம், ஆனால் சோதிக்காமல் சொல்ல முடியாது. முன்பு டிவிக்கு இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் கைப்பேசிச் சேவைக்குக் கொடுத்துவிட்டார்கள். கைப்பேசி பேசுவது 703-லிருந்து, கோபுரம் பேசுவது 758-லிருந்து. டிவி 694-இல் முடிகிறது. இடைவெளி சிறியது. பழைய ஏரியல்களும் பூஸ்டர்களும் 862 வரை எடுக்கும்படி செய்யப்பட்டவை, அவை கோபுரத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிப் பாக்ஸுக்குள் தள்ளும். அதனால் மறுபடியும் முதலில் பூஸ்டரைக் கழற்றிப் பாருங்கள். அப்போது சரியானால், 694-க்கு மேல் வெட்டும் ஒரு வடிகட்டியைப் பூஸ்டருக்கு முன்னால் போடுங்கள். பூஸ்டருக்குப் பின்னால் போட்டால் பயன் பாதிதான், அதற்குள் பூஸ்டர் திணறியிருக்கும்.

எங்க வீடு ஆயர் ஈத்தாம் பள்ளத்துல இருக்கு. சுத்தி மலையும் உயரமான ஃப்ளாட்டும். அலை அங்கே இங்கே பட்டுத் திரும்பி வரும்னா படம் ரெண்டா தெரியுமா?

அனலாக் காலத்தில் அப்படித்தான், நிழல் மாதிரி இரண்டாவது உருவம் தெரிந்தது. டிஜிட்டலில் அதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு அலைகளில் எண்களைப் பிரித்து மெதுவாக அனுப்புகிறார்கள், ஒவ்வொரு தொகுதிக்கும் நடுவில் ஒரு காப்பு இடைவெளி விடுகிறார்கள். டிவிபி-டி2 தரத்தில் உள்ள ஓர் அமைப்பில் அந்த இடைவெளி 224 மைக்ரோ நொடி. அந்த நேரத்தில் அலை 67 கிலோமீட்டர் போய்விடும். அவ்வளவு சுற்றி வந்த எதிரொலியைக்கூடப் பாக்ஸ் சமாளித்துவிடும், பல நேரம் பயன்படுத்தியும் கொள்ளும். ஆகவே பள்ளத்தில் இருப்பவர்கள் மலையை நேராகப் பார்க்க முடியாவிட்டாலும், எதிர்ப்பக்க ஃப்ளாட்டை நோக்கி ஏரியலைத் திருப்பி நல்ல தரம் வாங்கியிருக்கிறார்கள்.

தூரத்து எதிரொலியை இது வென்றுவிடும். மிகக் கிட்டத்து எதிரொலியை அவ்வளவு எளிதாக வெல்லாது. அடுத்த கேள்வி அதுதான்.

தஞ்சோங் தோக்கோங்ல கடலைப் பார்த்த வீடு. தினமும் ஒரு மணி நேரம் படம் போகுது. அந்த நேரமும் நாளுக்கு நாள் தள்ளிப் போகுது. பௌர்ணமி வந்தா இன்னும் மோசம். இது என்ன மாயம்?

கேட்டதிலேயே விடை இருக்கிறது. நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதும் அமாவாசை, பௌர்ணமிக்கு அதிகமாவதும் கடல் ஏற்ற இறக்கம். ஜெராயிலிருந்து உங்கள் ஏரியலுக்கு ஓர் அலை நேராக வருகிறது, இன்னொன்று உங்கள் கரைக்கு ஓரிரு கிலோமீட்டருக்குள் கடல்நீரில் பட்டு வருகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேரும், வித்தியாசம் ஒன்றிரண்டு மீட்டர்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் அந்தக் கட்டு முழுவதுமே மெலிந்துவிடும். காப்பு இடைவெளி இங்கே உதவாது, ஏனென்றால் இங்கே எண்கள் ஒன்றோடொன்று குழம்பவில்லை, அலையே தேய்கிறது.

மலை உயரம் 1,200 மீட்டர், தூரம் 40 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், கடல் இரண்டு மீட்டர் ஏறும்போது இரண்டு பாதைகளுக்கும் உள்ள வித்தியாசம் 12 சென்டிமீட்டர் மாறுகிறது. அரை மீட்டர் அலையில் அது ஏறக்குறைய கால் பங்கு, நல்ல சிக்னலைக் கெட்டதாக்கப் போதுமானது. நல்ல செய்தி என்னவென்றால், ஏரியலை இரண்டு மீட்டர் ஏற்றினாலும் இறக்கினாலும் அதே அளவு மாறும். கடல் ஏறும்போது படம் போகிறது என்றால் ஏரியலைப் பால்கனித் தரையிலிருந்து மேல் கூரையோரத்துக்கு ஏற்றுங்கள். கடல் இறங்கும்போது போகிறது என்றால் கீழே இறக்குங்கள். ஒரு முழு ஏற்ற இறக்கம் கடக்கும் வரை தரத்தைக் குறித்து வைத்துப் பார்த்துவிட்டு முடுக்குங்கள். இங்கேயும் பூஸ்டரால் ஒரு பயனும் இல்லை.

சில ராத்திரி தாய்லாந்து சேனல் எல்லாம் ஸ்கேன்ல வருது, நம்ம சேனல் உடையுது. யாராவது சிக்னலைத் திருடுறாங்களா?

யாரும் திருடவில்லை. காற்று அசையாத வெக்கையான இரவுகளில் கடல் மேல் ஈரக்காற்று ஒரு படலமாகத் தங்கிவிடும், அதற்கு மேல் உலர்ந்த காற்று. அந்த ஈரப் படலத்துக்குள் அலை குழாயில் போவதுபோல் அடங்கி, வழக்கமாக எட்டாத தூரத்துக்குப் போய்விடும். தாய்லாந்தும் இந்தோனேசியாவும் நம்மைப் போலவே டிவிபி-டி2 தரத்தில்தான் ஒளிபரப்புகின்றன, அதனால் நம் பாக்ஸ் அவற்றையும் படித்துவிடும். அவர்கள் பயன்படுத்தும் அலைவரிசையும் நம்முடையதும் ஒன்றாக அமைந்தால் மோதல் வரும். அன்று இரவு ஸ்கேன் செய்யாதீர்கள், நல்ல பட்டியல் கெட்டுவிடும். விடிந்து காற்று வீசத் தொடங்கினால் சரியாகும். அடிக்கடி நடந்தால், முன்பக்கம் மட்டும் கூர்மையாகக் கேட்கும் நீளமான ஏரியல் போட்டால் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வருவது குறையும்.

ஒரே ஏரியல், ஒரே வயர். டிவியில நேரா போட்டா வருது, பாக்ஸ்ல போட்டா உடையுது. பாக்ஸ் மட்டமா?

எல்லாப் பாக்ஸும் ஒன்றல்ல. முன்னால் இருக்கும் டியூனர்தான் வித்தியாசம். நல்ல டியூனர் தனக்கு வேண்டாத பக்கத்து அலைவரிசையை நன்றாகத் தள்ளிவைக்கும், மெலிந்த சிக்னலில் தன் சொந்த இரைச்சலைக் குறைவாகச் சேர்க்கும், வலுத்த சிக்னலில் தானே தணித்துக்கொள்ளும். மலிவான பெட்டிகளில் டியூனரைச் சுற்றித் தகரக் கவசம்கூட இருக்காது, வெறும் பிளாஸ்டிக்.

அதனால் மாற்றிவிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். எச்டிஎம்ஐ வயரே இரைச்சல் பரப்பும். 720பி, 1080ஐ படத்துக்கு அந்த வயரில் ஓடும் கடிகாரத் துடிப்பு 74.25 மெகாஹெர்ட்ஸ். அதன் எட்டாவது மடங்கு 594, அது டிவி அலைவரிசையின் நட்டநடுவில், 590 முதல் 598 வரை உள்ள 36-ஆம் எண் அலைவரிசைக்குள் போய் உட்காருகிறது. கவசம் சரியில்லாத வயரும் கவசம் இல்லாத பாக்ஸும் சேர்ந்தால் அந்தக் கட்டு மட்டும் உடையும். பாக்ஸின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை துளைகள் இருந்தால் எச்டிஎம்ஐயைப் பிடுங்கிவிட்டு அந்த வயரில் பாருங்கள். தரப் பட்டை சட்டென்று ஏறினால் குற்றவாளி வயர்தான். நல்ல வயர் வாங்குங்கள், ஏரியல் வயரையும் எச்டிஎம்ஐயையும் சேர்த்துக் கட்டாதீர்கள். அதோடு பாக்ஸின் மின்சார அடாப்டரையும் வேறொன்றால் மாற்றிப் பாருங்கள், வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்த வேண்டும், இரைச்சல் அதிலிருந்தும் வரும். இவை எல்லாம் பார்த்த பிறகும் டிவியில் வந்து பாக்ஸில் வரவில்லையென்றால் டிவியின் டியூனரையே பயன்படுத்துங்கள், பாக்ஸ் வேண்டாம்.

நாங்க பாலிக் புலாவ்ல மலைக்குப் பின்னாடி இருக்கோம். நீங்க சொன்னது எல்லாம் செஞ்சாச்சு, தரம் சைஃபர்தான். இனி என்ன பண்றது?

ஜெராய்க்கும் உங்களுக்கும் நடுவில் 800 மீட்டர் உயரத்துக்கு மேல் பினாங்கு மலைத்தொடர் நிற்கிறது. அதைத் தாண்டி வளைந்து வரும் கொஞ்சம் அலையை நம்பி உட்கார வேண்டாம். மைடிவி வரைபடத்தில் உங்கள் பக்கத்துக்கு வேறு ஒளிபரப்புக் கோபுரத்தின் சிக்னல் எட்டுகிறதா என்று பாருங்கள், எட்டினால் ஏரியலை ஜெராயிலிருந்து முழுசாகத் திருப்பி அந்தப் பக்கம் வையுங்கள். கம்பத்தை ஒரு கஜம் இரண்டு கஜம் ஏற்றியும், தோட்டத்தின் வேறு மூலையில் வைத்தும் பார்க்கலாம். நிழல் இடங்களில் பத்தடி நகர்த்தியதில் படம் வந்த வீடுகள் உண்டு.

அதற்கும் வரவில்லை என்றால் அங்கே காற்றுவழி சிக்னல் இல்லை, மேற்கொண்டு பணம் போடாதீர்கள். மாதக் கட்டணம் இல்லாத துணைக்கோள் சேவை என்ஜோய் இருக்கிறது, தட்டும் அதற்குரிய பாக்ஸும் வைத்தால் போதும், அது மேலே வானத்திலிருந்து வருவதால் பினாங்கு மலை குறுக்கே நிற்காது, மழைக்குத்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இணையம் இருந்தால் ஆர்டிஎம் க்ளிக் வழியாக டிவி1, டிவி2 பார்க்கலாம். எதற்கு மாறினாலும் வேலை செய்யாத ஏரியலைக் கூரையில் விட்டுவைக்காமல் இறக்கிவிடுங்கள், துருப்பிடித்த கம்பம் ஒரு பலத்த காற்றுக்குப் பக்கத்து வீட்டுக் கூரை மேல் சாய்ந்துவிடும்.